பதநீர் குடித்த மோரிஸ் மைனர்

எங்கள் வீட்டு சார் சொன்னதை எல்லாம் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நடந்தபடி எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. நடந்ததைக் கர்த்தர் அறிவார்.

சார் என்றால் என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே அவரை சார் என்று கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நல்ல மனுஷர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னது கிடையாது. வாயைத் திறந்தால் மட்டும் ஒரு முழம் ஒரு மைல் ஆகிவிடும். அந்தக் குணம் மாற வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை நான் உபவாசம் இருந்து ஜெபித்தேன். மத்தியானத்தோடு முடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்தால் தெருமுனையில் நின்று, "என் வீட்டுக்காரி நாப்பது நாள் பச்சத்தண்ணி படாம இருந்தா. கடைசில அவளுக்குப் பின்னால இருக்க சாமானெல்லாம் அவ வழியாவே தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தக் காரியத்துக்காக மட்டும் நான் உபவாசம் இருப்பதில்லை.

எங்கள் கார் ஒரு மோரிஸ் மைனர். சாம்பல் நிறம். முட்டைக்கண் விளக்கு. முதுகு வளைந்து, படுத்திருக்கிற ஆமை மாதிரி இருக்கும். எங்களுக்கெல்லாம் முந்திப் பிறந்த வண்டி. நாங்கள் அதைக் காட்சிக்கு வைத்திருக்கவில்லை. காய்கறி வாங்க அதுதான், கோயிலுக்குப் போக அதுதான், பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை பள்ளிக்கூடத்துக்கும் அதுதான். இன்றைக்கும் சார் தினமும் எடுத்து ஓட்டுகிறார்.

மூத்தவன் ஜெபசிங் ஓசூரில் வேலையாக இருக்கிறான். போன கிறிஸ்மஸுக்கு வந்தவன், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அப்பா அந்த வண்டியை நுழைத்து ஓட்டுவதைப் பார்த்து வெலவெலத்துப் போனான். இதைக் கொடுத்துவிடுவோம், புதுசாகச் சின்னதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றான். சார் முடியாது என்றார். அவன் விடவில்லை. கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் பழைய கார்களாகச் சேர்த்துவைக்கிற ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் சார் மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவர் வேண்டாம் என்று போய்விட்டால், ஜெபசிங் இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சார் அவன் கையில் அடித்து வாக்குக் கொடுத்தார். சார் புளுகுவார். ஆனால் கொடுத்த வாக்கை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கும் அந்த வண்டி போவதில் மனசில்லை. பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆண்டவரே, உம்முடைய சித்தம்போல ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன்.

வந்தவர் பெயர் ரகுநந்தன். நாற்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ, கையில் ஒரு சின்ன டார்ச். மரியாதையான பிள்ளை. கார் நிற்கிற தகரக் கொட்டகைக்குள் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயிலுக்காக முன்கண்ணாடியில் சாக்குப் போட்டு மூடியிருந்தோம், பக்கக் கண்ணாடிகளுக்குத் திரை. அதனால் வெளியிலேயே தடவித் தடவிப் பார்த்தார். விளக்கைத் தொட்டார், சக்கரத்து மூடியைத் தொட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போன மாப்பிள்ளை முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடைய ஊரில் ஏ.சி. போட்ட கண்ணாடி மண்டபம் ஒன்று கட்டியிருப்பதாகச் சொன்னார். கார்கள் எல்லாம் அதற்குள் நிற்குமாம். யாரும் ஓட்டுவது கிடையாதாம். மயிலிறகால் தூசி தட்டுவார்களாம். இதைக் கேட்டதும் சார், ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்க்கச் சொன்ன மாதிரி வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ரகுநந்தன் கடைசியாக ஒன்று சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கோணும். உள்ள எதையாச்சும் மாத்தியிருந்தா அப்புறம் அது எனக்கு வேண்டாங்க."

சாருடைய மீசை இரண்டு பக்கமும் எழும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "மாத்தினதா?" என்றார். "தம்பி, காப்பியக் குடிங்க. சாவகாசமாச் சொல்லுதேன்."

அந்த நேரம் பார்த்து சாமிதாஸ் கொழுந்தன் உள்ளே வந்தார். சாருடைய தம்பி, என்னை மைனி என்று கூப்பிடுவார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் எங்கே வாயைத் திறக்கிறாரோ அங்கே போய் நின்று, அது இல்லை என்று சொல்வதுதான் இப்போது அவருடைய வேலை. இன்றைக்கு ஒருநாள் சும்மா இருங்கள் என்று நான் அடுப்படி ஜன்னலில் இருந்து ஜாடை காட்டினேன். அவர் காப்பி வேண்டுமா என்று கேட்கிறேன் என்று நினைத்து, சீனி கம்மியாக என்று ஜாடை காட்டினார்.

சார் முதலில் வண்டியைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னார். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மில் முதலாளியின் கொட்டகையில் பழைய கார்கள் வரிசையாக நின்றனவாம். மற்றவர்கள் போனால் டயரை மிதித்துப் பார்ப்பார்கள், கதவை ஆட்டிப் பார்ப்பார்கள். இவர் போய் நடுவில் நின்று விசில் ஊதினாராம். "தினப்படி ஓட்டத்துக்கு வண்டி வேணும்னா அழகைப் பாக்கக் கூடாது தம்பி. ஒழுக்கத்தைப் பாக்கணும்." விசில் சத்தம் கேட்டதும் நீளமான ஒரு அமெரிக்க வண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இன்னொன்று பயத்தில் எண்ணெயைக் கொட்டிவிட்டதாம். மூலையில் நின்ற இந்த மோரிஸ் மட்டும் சாவி இல்லாமல், டிரைவர் இல்லாமல் உருண்டு வந்து, இவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, இரண்டு விளக்கையும் ஒருதரம் மூடித் திறந்ததாம்.

"கொட்டகை சரிவா இருந்திருக்கும்ணே" என்றார் சாமிதாஸ்.

"சரிவுதான்ல. ஆனா இது மேட்டைப் பாத்துல்லா வந்துச்சு."

ரகுநந்தன் சிரித்துவிட்டு, அது வண்டியை வாங்கின கதை, மாற்றின கதை இல்லையே என்றார். சார் கையை உயர்த்தி, வருகிறேன் என்றார்.

இந்த வண்டி குளிர் தேசத்தில் பிறந்தது, நம்முடைய பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தார். அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் பானட்டைத் தொட்டால் ஆம்லெட் போடலாம் போலக் கொதித்ததாம். உடனே சார் ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மண்பானையைப் பொருத்தி, வெட்டிவேர் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாராம். வண்டி அப்படிக் குளிர்ந்துபோனதாம். குளிர்ந்தது கொஞ்சம் கூடிப்போய் எஞ்சினுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டதாம். ஹாரன் அடித்தால் தொண்டை கட்டின சத்தம். தூத்துக்குடி ரோட்டில் போகும்போது வண்டி ஒரு தும்மல் போட்டதில், பின்னால் வந்த பஸ் தாண்டி வந்த வல்லநாட்டுக்கே திரும்பிப் போய்விட்டதாம்.

"அந்த ரூட்ல நான் கண்டக்டராப் போயிருக்கேன்" என்றார் சாமிதாஸ். "எந்த பஸ்ஸும் அப்படித் திரும்பிப் போனதில்ல."

"உனக்கெப்படில தெரியும்? நீ பின்வாசல்ல தூங்கிக்கிட்டு வந்த. வல்லநாட்டுல எறங்கினவனே மறுபடி டிக்கெட் கேட்டு ஏறினான்லா, மறந்துட்டியா?"

சாமிதாஸ் யோசித்தார். அப்படி ஒருநாள் ஒருவன் ஏறினது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

சார் அதற்கு வைத்தியம் செய்தாராம். சுக்கு, மிளகு, கருப்பட்டி தட்டிப் போட்டு, காப்பி காய்ச்சி அந்தப் பானையிலேயே ஊற்றினாராம். மூன்றாம் கியரில் சளி இளகிவிட்டதாம். ஆனால் அதற்கப்புறம் ஒரு தொந்தரவு. வண்டியை எங்கே நிறுத்தி பானட்டைத் திறந்தாலும் ஜனங்கள் தம்ளரோடு வந்து நிற்பார்களாம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவரே வரிசையில் நின்று குடித்துவிட்டு, மிளகு கொஞ்சம் தூக்கல் என்றாராம்.

நான் முறுக்குத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பெட்ரோல் விலை ஏறினபோது சார் அடுத்த வேலையைச் செய்தாராம். நம் ஊரில் பனைமரம் நிற்கிறது, பதநீர் இறங்குகிறது, அதை விட்டுவிட்டு எவனோ தோண்டி எடுத்த எண்ணெய்க்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று யோசித்து, டேங்கையும் எஞ்சினையும் பதநீருக்குத் தக்கபடி மாற்றிவிட்டாராம். காலையில் ஒரு கலயம் ஊற்றினால் திருச்செந்தூர் போய்த் திரும்பலாமாம். புகை வராதாம், பனங்கற்கண்டு வாசம்தான் வருமாம். பின்னால் வருகிற சைக்கிள்காரர்கள் வாயைத் திறந்துகொண்டே வருவார்களாம்.

"எல்லாம் மத்தியானம் வரைக்கும்தான்" என்று சார் குரலைத் தாழ்த்தினார். "பதநீர் கலயத்துல சுண்ணாம்பு தடவணும்லா? டேங்க்குல தடவ நான் மறந்துட்டேன். வெயில் ஏற ஏற உள்ள அது புளிச்சுக் கள்ளாப்போச்சு தம்பி."

வண்டி ஆடத் தொடங்கிவிட்டதாம். சார் நேராகப் பிடித்தாலும் அது இடது பக்கம் ஒரு வேலியில் சாயுமாம், வலது பக்கம் ஒரு வேலியில் சாயுமாம். எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஹாரன் அடித்து வம்புக்குப் போனதாம். மதுவிலக்கு போலீஸ் நிறுத்தி சாரை ஊதச் சொன்னார்களாம். ஊதினாராம். ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. கருவியைக் கொண்டுபோய் வண்டியின் சைலன்சரில் வைத்தாராம். முள் அந்தக் கடைசிக்குப் போய் நின்றுவிட்டதாம். வண்டியை ஓட்டக் கூடாது, கூட்டிக்கொண்டு வேண்டுமானால் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சார் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடத்தியே கூட்டிவந்தாராம். வழியெல்லாம் அது ஹாரனில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்ததாம்.

ரகுநந்தன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாமிதாஸுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, கோயில் கமிட்டியில இருக்கவரு வீட்டு வண்டி கள்ளு குடிச்சிருந்தா ஊரு சும்மா இருந்திருக்குமா? எங்க மைனி அன்னைக்கே அதை ஷெட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பாவ."

"நிறுத்தினாளே. மூணு நாள் வெளியதான் கெடந்துச்சு. அப்புறம் மன்னிச்சுச் சேத்துக்கிட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். ஆண்டவரே, என்னை யாரும் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்தது ரிவர்ஸ் கியர். முன்னால் போகிற கியரை எல்லாரும் மாற்றுவார்கள், பின்னால் போகிற கியரில் வேலை செய்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்றார் சார். பெரிய பல்சக்கரம் ஒன்றை அறுவடை மெஷினில் இருந்து எடுத்துப் போட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நேரமாகிவிட்டது. வண்டியைத் திருப்ப இடமில்லை. சரி என்று ரிவர்ஸிலேயே அழுத்தினாராம். அழுத்தினது கொஞ்சம் கூடிவிட்டது. கோயில் வாசலில் போய் இறங்கினால் உள்ளே முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"கேட்ட பிரசங்கத்தையே மறுபடி கேட்டேன் தம்பி. ஆனா ஒண்ணு, காணிக்கைத் தட்டு வந்தப்ப, போன வாரம் போட்டாச்சுன்னு நகத்தி விட்டுட்டேன்."

சாமிதாஸ் எழுந்து நின்றார். அப்படியானால் அண்ணன் அன்றைக்குக் கோயிலில் இரண்டு பேராக உட்கார்ந்திருக்க வேண்டுமே, போன வாரத்து ஆள் ஒன்று, இந்த வாரத்து ஆள் ஒன்று, நாங்கள் பார்க்கவில்லையே என்று கேட்டார். நல்ல கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

சார் அசரவில்லை. "போன வாரம் நான் கோயிலுக்கு வரல. ஊர்ல இல்ல. அதான் சரியாப்போச்சு" என்றார்.

"அப்போ போன வாரம் காணிக்கை போட்டேன்னிய?"

"தம்பி, முறுக்கு எடுத்துக்கிடுங்க" என்றார் சார்.

கடைசியாக ஆற்றுக் கதைக்கு வந்தார். தாமிரபரணியில் வெள்ளம் வந்து பாலம் முங்கிப்போன நேரம். அக்கரையில் கல்யாணம், இக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும். படகுக்காரர்களே மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்களாம். சார் இந்த மோரிஸைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தினாராம். சீட்டை எல்லாம் ஏற்கெனவே அவர் இழுத்து நீட்டுகிற மாதிரி மாற்றி வைத்திருந்தாராம். முன்சீட்டில் மாப்பிள்ளையும் பெற்றோரும், பின்சீட்டில் சொந்தக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், டிக்கியில் சமையல்காரர்கள், அடுப்பு எரிந்துகொண்டே. ஏறி முடியவே ஒரு மத்தியானம் ஆனதாம்.

"இவ்வளவு சின்ன வண்டியிலயாங்க?" என்று ரகுநந்தன் கேட்டார்.

நெருக்கிக் கேட்டால் இடம் கொடுக்காது, அன்பாகக் கேட்டால் கொடுக்கும் என்று சார் சொன்னார். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கதவு இடுக்கெல்லாம் நான் அரைத்து வைத்திருந்த உளுந்த மாவை எடுத்து அடைத்துவிட்டாராம். வண்டியை இறக்கினாராம். முங்கிவிட்டதாம். விளக்கைப் போட்டால் கெண்டை மீன்கள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டனவாம். நடு ஆற்றில் குறுக்கே ஒரு பெரிய மரம் அடித்துக்கொண்டு வந்ததாம். சார் பிரேக்கை மிதித்தாராம். அந்தப் பிரேக்கும் அவர் மாற்றினதுதான். மிதித்த மிதியில் வண்டி நின்றது, மரம் நின்றது, ஆறும் நின்றுவிட்டதாம். தாமிரபரணி அப்படியே பாகு மாதிரி அசையாமல் நின்றதாம். காலை எடுத்த பிறகுதான் ஓடியதாம். ஆறு போகிற வழியில் கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் அன்றைக்கு, தண்ணீர் எங்கே என்று குடத்தோடு தேடினார்களாம்.

"அக்கரையில ஏறினதும் கதவைத் தெறக்க முடியல தம்பி. என்னன்னு பாத்தா, எஞ்சின் சூட்டுக்குக் கதவைச் சுத்தி அடைச்ச மாவெல்லாம் வடையா வெந்து நிக்கி. கல்யாண வீட்டுக்கு அதான் பலகாரம். ஒருத்தரும் குறை சொல்லல."

சாமிதாஸ் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

சார் நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க. ரேடியேட்டரு போச்சு, டேங்க்கு போச்சு, கியரு, பிரேக்கு, சீட்டு எல்லாம் போச்சு. கம்பெனியில இருந்து வந்ததுன்னு சொல்ல இதுல என்ன இருக்கு? நீங்க நல்ல பிள்ளை. உங்கள ஏமாத்தக் கூடாதுன்னுதான் உள்ளதைச் சொன்னேன்."

ரகுநந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு பானட்டைத் திறந்தார். டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் முகத்தில் அந்த மாப்பிள்ளைக் களை இரண்டு மடங்காக இருந்தது.

"எல்லாம் அப்படியே இருக்குங்க சார்" என்றார். "நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். எல்லாருமே, எதையும் தொடலைங்க, எதையும் மாத்தலைங்கன்னுதான் சொல்லுவாங்க. திறந்து பாத்தா உள்ள பாதி வேற வண்டியா இருக்கும். எல்லாத்தையும் மாத்திட்டேன்னு இவ்வளவு நேரம் சொன்ன ஒரே ஆளு நீங்கதான். அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க, நீங்க ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டீங்கன்னு."

சாமிதாஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். எங்கள் அண்ணனுக்கு ஸ்குரூ எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது, வீட்டில் பல்பு மாற்றுவதுகூட மைனிதான் என்று பெருமையாகச் சொன்னார். அத்தனையும் நிஜம்.

சார் வண்டியின் மட்கார்டைத் துண்டால் ஒருதரம் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு வேட்டி மடிப்பில் இருந்து சாவியை எடுத்தார். வாக்கு வாக்குதானே.

சாவியை வாங்கக் கையை நீட்டின ரகுநந்தன், அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இது சும்மா ஒரு முறைக்குக் கேட்பது என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். "அம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு உங்க பையன் சொல்லியிருக்காருங்க. உள்ளார எங்கயாச்சும் ஆல்டர் இருக்குங்களா?"

எங்கள் கோயிலில் குருவானவர் நின்று ஆராதனை நடத்துகிற பீடத்தை ஆல்டர் என்றுதான் சொல்லுவோம். ஆல்டருக்குத் துணி துவைத்துப் போடுவது பெண்கள் சங்கத்து வேலை. தையற்கடையில் ஜாக்கெட்டைப் பிடிப்பதற்கும் ஆல்டர் என்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் வண்டியில் எதையாவது மாற்றினால் அதற்கும் அந்த வார்த்தைதான் என்று ராத்திரி ஜெபசிங் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரே ஆச்சரியம். சாக்குப் போட்டு மூடியிருக்கிற வண்டிக்குள் அது இருப்பது இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன்.

"இருக்கு தம்பி" என்றேன்.

ரகுநந்தனின் கை நின்றுவிட்டது. எங்கே இருக்கிறது என்று கேட்டார். முன்னால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் என்றேன். யார் செய்தது என்றார். நான்தான் செய்யச் சொன்னேன் என்றேன். கோயில் ஆல்டர் செய்த யேசுவடியான் ஆசாரிதான் இதையும் செய்தார், சார் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஸ்போர்ட்ஸுக்கு வெளியூர் போயிருந்தார், ஜெபசிங் கைக்குழந்தை என்று எல்லாம் சொன்னேன். கேட்டால் முழுசாகத்தானே சொல்ல வேண்டும்.

ரகுநந்தன் சாக்கை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர், பார்த்துவிட்டுக் காலை எடுத்து, ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார்.

டாஷ்போர்டுக்கு நடுவில், கோயில் ஆல்டரில் மிஞ்சின தேக்குப் பலகையில் செய்த சின்ன ஆல்டர். அசையக் கூடாது என்று ஆசாரி தகரத்தைத் துளைத்துப் பெரிய பெரிய ஸ்குரூவாகப் போட்டு இறுக்கியிருந்தார். மேலே லேஸ் வைத்த வெள்ளைத் துணி, ஒரு சிலுவை, அன்றைக்குப் பறித்து வைத்த நந்தியாவட்டை.

ரகுநந்தன் அந்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "இங்கதானுங்களே ஸ்பீடோமீட்டர் இருக்கோணும்?" என்றார்.

"அதுக்கு மேலதான் தம்பி வச்சிருக்கு. அந்த முள்ளைப் பாத்தா எனக்குப் படபடன்னு வரும். அதான் மறைச்சு வைக்கச் சொன்னேன்."

"அப்போ வண்டி என்ன வேகத்துல போகுதுன்னு சார் எப்படிங்க பாப்பாரு?"

"பாத்ததில்ல. நான் ஜெபத்தை வச்சுச் சொல்லுவேன். ஜெபம் முடியறதுக்கு முன்னால கோயில் வந்துட்டா, இன்னைக்கு வேகம் கூடுதல்னு சொல்லிடுவேன்."

சாமிதாஸ் சிரிக்கப் போனார், ஆனால் ரகுநந்தன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ரகுநந்தன் அந்தப் பலகையைக் கழற்றினால் அடியில் எவ்வளவு துளை இருக்கும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார் போல. கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், இதை எடுத்துவிட்டுக் கொடுப்பீர்களா என்று.

"எடுத்துட்டா வண்டி ஓடாது தம்பி" என்றேன்.

அதை நான் மனசறிந்துதான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். ஷூவை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, "சார், வண்டி எனக்கு வேண்டாங்க" என்றார். ஜெபசிங்கிடம் தானே போனில் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சார் சாவியை வேட்டி மடிப்பில் திரும்ப வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கலியாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பார்த்தது கிடையாது. பிறகு சாமிதாஸ் பக்கம் திரும்பி, "பாத்தியால, நான் ஊர்ல இல்லாத நேரத்துலகூட என் வண்டியில வேலை நடந்துருக்கு" என்றார்.

நான் வாசல் வரைக்கும் ரகுநந்தனை வழியனுப்பப் போனேன். தெருவில் இறங்கினவர் நாலடி போய் நின்றார். திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையோ நினைத்துப் பார்த்து, அது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயந்த மாதிரி மறுபடியும் படியேறி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, சார் சொன்ன மத்ததெல்லாம்... அந்த ஆத்துக்குள்ள ஓட்டினது, அது?"

தெரியாததைத் தெரியும் என்று சொல்லலாமா?

"எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். "அவர் வண்டியை எடுத்ததும் நான் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிச்சுருவேன். ஆமென்னு சொல்லித் தெறந்தா போக வேண்டிய எடத்துல நிப்போம். நடுவுல ரோட்டுல போனாரா, ஆத்துல போனாரான்னு ஒருநாளும் நான் பாத்ததில்ல."